நெஞ்சில் ஓர் ஆலயம்: கட்டிலுக்கு அடியில் போன கேமரா

கடைசி பெஞ்ச்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்து ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ முழுசாகப் பார்த்தேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு நைசாக எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

படம் ஏறக்குறைய முழுக்க ஒரே ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. டாக்டர் முரளி (கல்யாண் குமார்). அவரிடம் புற்றுநோயோடு வந்து சேரும் வேலு (முத்துராமன்). வேலுவின் மனைவி சீதா (தேவிகா) ஒரு காலத்தில் முரளி காதலித்த பெண். இந்த மூன்று பேர், ஒரு அறை, ஒரு வராந்தா. எப்படி அலுக்காமல் போகிறது? அதுதான் என் முதல் கேள்வி.

இரண்டாவது, முடிவு. ஆபரேஷன் வெற்றி, நோயாளி பிழைக்கிறார், டாக்டர் செத்துப் போகிறார். எனக்கு அந்த இடத்தில் எரிச்சல்தான் வந்தது. படத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் முடித்த மாதிரி இருக்கிறது. இந்த இணைய மன்றத்தில் இருக்கும் பெரியவர்கள் சொல்லுங்கள்.


வடபழனி பழசு

தம்பி, நல்ல கேள்வி. முதல் பாதிக்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.

இந்தப் படத்தை இயக்கிய ஸ்ரீதர் 1959-இல் ‘கல்யாண பரிசு’ எடுத்து இயக்குநராகிறார். பிறகு கூட்டாளிகளோடு சேர்ந்து சித்ராலயா என்று சொந்தக் கம்பெனி. முதல் படம் ‘தேன் நிலவு’, 1961. ஜெமினி, வைஜயந்திமாலாவைக் காஷ்மீருக்கே கூட்டிக்கொண்டு போய் எடுத்தார்கள். ஏரி, படகு, பனி எல்லாம் உண்டு. ஆனால் செலவுக்கும் எதிர்பார்ப்புக்கும் ஏற்ற மாதிரி ஓடவில்லை. அப்புறம் அதே சித்ராலயா 1962-இல் எடுத்தது இந்தப் படம். விஜயா வாகினி ஸ்டுடியோவில் ஒரு ஆஸ்பத்திரி செட். கலை இயக்குநர் கங்கா போட்டது. ஒரு மாதத்துக்குள் படப்பிடிப்பை முடித்துவிட்டார்கள்.

காஷ்மீரிலிருந்து நேராக நாலு சுவருக்குள் வந்து உட்கார்ந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். பணத்துக்காக எடுத்த முடிவாகவே இருக்கட்டும். கையில் காசு இல்லாதபோதுதான் சிலருக்கு மூளை நன்றாக வேலை செய்கிறது.

இன்னொன்று. அந்த வருஷம் போட்டி சாதாரணம் இல்லை. ‘ஆலயமணி’, ‘பார்த்தால் பசி தீரும்’, ‘தாயைக் காத்த தனயன்’ எல்லாம் 1962. இந்தப் படத்தில் சிவாஜியும் இல்லை, எம்.ஜி.ஆரும் இல்லை, ஜெமினியும் இல்லை. கதாநாயகன் கன்னடத்திலிருந்து வந்தவர். அப்படியும் ஓடியது.

கொசுறு: அந்த ஸ்டுடியோ வளாகத்தில் பின்னாளில் நாகி ரெட்டியார் நிஜமாகவே ஒரு ஆஸ்பத்திரி கட்டினார். செட் ஆஸ்பத்திரியைப் பிரித்த ஊரில் கல் ஆஸ்பத்திரி எழும்பியது. இன்று அந்தப் பக்கம் போனால் மால்தான் கண்ணில் படும்.


எதிர்க்கட்சி

எல்லாரும் சேர்ந்து கொண்டாடுவதற்கு முன்னால் ஒரு ஆள் எதிர்த்துப் பேசுகிறேன். ஒரே செட்டில் எடுப்பது பெரிய சாதனையா? நாடகக்காரர்கள் காலகாலமாக அதைத்தானே செய்கிறார்கள். ஒரு திரை, நாலு நாற்காலி, மூன்று மணி நேரம். அப்போது வந்த படங்களில் பாதி மேடை நாடகங்கள்தான். ஸ்ரீதரும் முதலில் கதை வசனகர்த்தா. வசனம் எழுதத் தெரிந்தவருக்கு ஒரு அறை போதும். அவ்வளவுதான் விஷயம்.


வடபழனி பழசு

எதிர்க்கட்சி அண்ணே, நாடகத்தில் நாம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு நகர மாட்டோம். இந்தப் படத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறோம். வித்தியாசம் அங்கேதான். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட்.

‘சொன்னது நீதானா’ பாட்டை மட்டும் போட்டுப் பாருங்கள். முத்துராமன் கட்டிலில். தேவிகா சிதாரோடு கீழே. கேமரா அவர்களைச் சுற்றி வருகிறது, விலகுகிறது, நெருங்குகிறது. ஒரு இடத்தில் கட்டிலுக்கு அடியில் புகுந்து போகிறது. இருப்பதே ஒரு அறை, ஒரு கட்டில், இரண்டு பேர். எழுந்து ஆடுவதற்கும் வழியில்லை, ஒருவர் நோயாளி. அந்த அறையிலிருந்து எத்தனை கோணம் கறக்க முடியுமோ அத்தனையையும் கறந்திருக்கிறார்.


கடைசி பெஞ்ச்

அந்தக் கட்டில் ஷாட்டை ஆறு தடவை ஓட்டிப் பார்த்தேன் சார். இன்றைக்கு என்றால் கையடக்கக் கேமராவைக் குச்சியில் கட்டி உள்ளே விட்டுவிடுவார்கள். அன்றைய கேமரா ஒரு ஆள் தூக்க முடியாத கனம் என்று படித்திருக்கிறேன். எப்படி உள்ளே போனது?


வடபழனி பழசு

எங்கள் சித்தப்பா ஒரு ஸ்டுடியோவில் லைட்மேனாக இருந்தவர். இந்தப் படத்தில் அவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் காலத்துச் செட் வேலையைப் பற்றி அவர் சொன்னதை வைத்து என் ஊகம் இது.

வசனக் காட்சிக்குக் கேமராவின் ஓட்டச் சத்தம் கேட்கக் கூடாது. அதனால் பெரிய கேமராவை மூடிபோட்டு வைப்பார்கள். அந்தப் பூதத்தைக் கட்டிலுக்கு அடியில் நுழைக்க முடியாது. ஆனால் பாட்டு என்பது முன்கூட்டியே பதிவானது. செட்டில் ஒலிபெருக்கியில் போடுவார்கள், நடிகர்கள் வாயசைப்பார்கள். அங்கே கேமரா கடகடவென்று சத்தம் போட்டாலும் பாதகமில்லை. ஆக மூடி இல்லாத சின்னக் கேமராவைப் பயன்படுத்தலாம். அதைத் தரையோடு தரையாக ஒரு பலகையில் வைத்து இழுத்தால் வேலை முடிந்தது. அல்லது கட்டிலை நாலு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கலாம். சினிமாவில் செங்கலும், ஆப்பிள் பெட்டி என்று சொல்கிற, உயரம் கொடுக்கும் மரப்பெட்டியும் செய்யாத அதிசயம் இல்லை.

கேமராவைவிடப் பெரிய தலைவலி விளக்குதான். செட்டுக்குக் கூரை கிடையாது. மேலே பலகை கட்டி அதன்மேல் விளக்குகளை வைத்திருப்பார்கள், லைட்மேன்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். கேமரா தரைக்கு இறங்கிக் கொஞ்சம் அண்ணாந்தால் போதும், பலகை, விளக்கு, சித்தப்பாவின் தொங்கும் கால் எல்லாம் படத்தில் வந்துவிடும். அதனால் கீழிருந்து எடுக்கும் ஷாட் என்றாலே முணுமுணுப்பார்களாம்.

ஆஸ்பத்திரிப் படத்துக்கு இன்னொரு தொல்லை வெள்ளை. சுவர் வெள்ளை, கோட்டு வெள்ளை, நர்ஸ் உடுப்பு வெள்ளை, படுக்கை விரிப்பும் வெள்ளை. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பளீர் வெள்ளை பட்டால் விவரமெல்லாம் கரைந்து ஒரே திட்டாகப் போகும். அதற்காகத் துணியை லேசாக நீலத்திலோ டீத்தண்ணியிலோ முக்கி எடுப்பது அன்றைய வழக்கம். திரையில் தும்பைப்பூவாகத் தெரிவது நேரில் அழுக்கு மஞ்சளாக இருக்கும். இந்தப் படத்தில் அந்த வெள்ளைக்குள் எத்தனை சாம்பல் நிறம் என்று பாருங்கள். நிழல் விழும் இடத்தில் தேவிகாவின் முகம் தனியாக எழுந்து நிற்கும்.


பாட்டுப் பைத்தியம்

கேமராவைப் பற்றியே பேசினால் எப்படி? விஸ்வநாதன் ராமமூர்த்தி, கண்ணதாசன் என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையே!

ஸ்ரீதருக்கு ‘கல்யாண பரிசு’, ‘தேன் நிலவு’ இரண்டுக்கும் இசை ஏ.எம். ராஜாதான். பிறகுதான் மெல்லிசை மன்னர்கள். 1962-இல் மட்டும் அவர்கள் கொடுத்ததைப் பாருங்கள்: ஆலயமணி, சுமைதாங்கி, போலீஸ்காரன் மகள், பலே பாண்டியா, பாசம், இந்தப் படம். ஒரே வருஷம். அந்த வருஷம் தூங்கினார்களா என்றே சந்தேகம்.

எனக்கு ஆச்சரியம் ‘எங்கிருந்தாலும் வாழ்க’. அதை ஏ.எல். ராகவனிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் என்றால் குறும்பு, கேலி, துள்ளல். அவரைப் பிடித்து, காதலை விட்டுக்கொடுக்கிறவன் வாழ்த்திப் பாடும் பாட்டைப் பாட வைத்திருக்கிறார்கள். டி.எம்.எஸ். பாடியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் துக்கம் கம்பீரமாகிவிட்டிருக்கும். ராகவன் குரலில் ஒரு சாதாரண ஆள் தெரிகிறான். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற ஆள். அந்தப் படத்துக்குள்ளேயே டி.எம்.எஸ். இருக்கிறார், ‘ஒருவர் வாழும் ஆலயம்’ அவருடையது. கையில் இருந்தும் இந்தப் பாட்டை அவருக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

‘நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால்’ பி.பி. ஸ்ரீனிவாஸ். அதைப் பற்றி நான் ஆரம்பித்தால் இழை நாளைக் காலைதான் முடியும்.


யாழ் வாசகன்

வணக்கம். நீங்கள் எல்லோரும் திரையில் பார்த்த படத்தை நான் பல வருடங்கள் காதால்தான் பார்த்தேன். இலங்கை வானொலியில் இந்தப் பாடல்கள் போகாத நாள் குறைவு. எங்கட வீட்டில் மர்பி ரேடியோ, அதற்கு அம்மம்மா பின்னிய ஒரு துணி மூடி. ‘முத்தான முத்தல்லவோ’ போனால் தங்கச்சியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுவார் அம்மம்மா. அது சந்தோசமான தாலாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு வீடியோக் கொப்பியில் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பாட்டுக்கு உரிய பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளை என்று. குட்டி பத்மினி. அதற்குப் பிறகு ரேடியோவில் அந்தப் பாட்டு போனால் எனக்குப் பழையபடி கேட்க ஏலாமல் போயிற்று.


எதிர்க்கட்சி

சரி, கேமராவையும் பாட்டையும் ஒத்துக்கொள்கிறேன். முடிவு பற்றித் தம்பி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேலு செத்தால்? தான் இறந்துவிட்டால் சீதாவை நீங்கள் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அவரே முரளியிடம் கேட்டிருக்கிறார். அப்படியானால் மறுமணத்தைக் காட்ட வேண்டும், அல்லது ஏன் நடக்கவில்லை என்று காட்ட வேண்டும். 1962-இல் இரண்டுமே தியேட்டரில் கல்லெறி வாங்கக்கூடிய சமாச்சாரம். வேலு பிழைத்து முரளியும் பிழைத்தால்? மூன்று பேரும் காலம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்து நெளிய வேண்டும். சீதா செத்தால் படத்துக்கே அர்த்தமில்லை. மிச்சம் இருப்பது முரளி. பலி ஆடு அவர்தான் என்று முதல் ரீலிலேயே முடிவாகிவிட்டது. தியாகத்தில் யாராவது ஒருவர் தலையைக் கொடுக்காமல் ஸ்ரீதர் படம் முடியாது.


வார்டு நெம்பர் 7

முப்பத்திரண்டு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போது வாயைத் திறக்கிறேன்.

முதலில் மருத்துவம். இந்தக் கேஸை முரளி தொட்டிருக்கவே கூடாது. மனசு சம்பந்தப்பட்ட ஆளுக்கு நாம் கத்தி எடுக்கக் கூடாது, வேறொரு சர்ஜனுக்கு அனுப்ப வேண்டும். அதைவிட, ராத்திரி பகல் தூக்கமில்லாமல் படித்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருவர் பெரிய ஆபரேஷனுக்குள் போனால் எங்கள் தியேட்டர் சிஸ்டர் கதவைச் சாத்தியிருப்பாள். ஆனால் ஒன்று. 1962-இல் சென்னையில் புற்றுநோய் என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாது. அடையாறு ஆஸ்பத்திரி ஆரம்பித்ததே 1954-இல்தான், முத்துலட்சுமி அம்மா போராடி ஆரம்பித்தது. அந்த வியாதியின் பேரை வீட்டில் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட வியாதியிலிருந்து ஒரு ஆள் எழுந்து நடக்கிறான் என்று காட்டியதே பெரிய விஷயம்.

இனி அந்தப் பாட்டு. எல்லாரும் உருகுகிற ‘சொன்னது நீதானா’. நானும் உருகுவேன், அது வேறு. ஆனால் வார்த்தையைக் கவனியுங்கள். புருஷன் சொல்கிறான், நான் போனபிறகு நீ வாழ வேண்டும், அவரைக் கட்டிக்கொள். 1962-இல் ஒரு ஆண்பிள்ளை சினிமாவில் அப்படிச் சொல்வது லேசா? அதற்கு அவள் பதில் என்ன? சாமிக்குச் சாத்திய மாலையை இன்னொருவர் தொடலாமா, கொடியில் பூப்பது ஒருமுறைதானே என்று. அவன் கதவைத் திறந்துவிடுகிறான், இவள் சாத்திவிடுகிறாள். நைட் டூட்டியில் எத்தனையோ சின்ன வயசுப் பெண்கள் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். அவர்களுக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்ட எனக்கு மனசு வராது.


பாட்டுப் பைத்தியம்

அக்கா, அவள் அப்படிச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வாள்? சாகக் கிடக்கிற புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு “சரிங்க, செய்துவிடலாம்” என்றா சொல்ல முடியும்? பாட்டு கொள்கை விளக்கக் கூட்டம் இல்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றுவது கோபம். “நீயா இப்படிச் சொல்கிறாய்” என்கிற கோபம். சுசீலா அம்மா முதல் சொல்லையே குற்றச்சாட்டு மாதிரித்தான் எடுக்கிறார்.


வார்டு நெம்பர் 7

கோபம் நியாயம்தான் தம்பி. ஆனால் படம் முழுக்கப் பாருங்கள். சீதாவை யாருக்குக் கொடுப்பது என்று இரண்டு ஆண்கள் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு பேருமே நல்லவர்கள், அதுதான் கொடுமை. அவளிடம் யாரும் கேட்பதில்லை. அவள் பதில் சொல்ல ஒரே இடம் அந்தப் பாட்டு. அதிலும் அவளுக்குக் கிடைத்தது பழைய உவமை.


கடைசி பெஞ்ச்

ஒரு நிமிஷம். அக்கா சொன்னதைப் படித்துவிட்டு மறுபடி அந்தப் பாட்டைக் கேட்டேன். ஒன்று உறுத்துகிறது. ஒரு கொடியில் ஒருமுறைதான் பூக்கும், ஒரு மனதில் ஒருமுறைதான் உறவு வளரும் என்கிறாள் இல்லையா? அப்படியானால் சீதாவின் மனதில் முதல்முறை பூத்தது யாருக்கு? முரளிக்குத்தானே! தன் கதைக்கே பொருந்தாத ஒன்றைச் சத்தியம் மாதிரிப் பாடுகிறாள். அது அவளுக்கும் தெரியும், கேட்கிற வேலுவுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

இதைக் கண்ணதாசன் தெரிந்தே எழுதினாரா, மெட்டுக்கு வந்து விழுந்ததா?


எதிர்க்கட்சி

தம்பி, கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு வாருங்கள்.

தெரிந்து எழுதினாரோ இல்லையோ, திரையில் அது வேலை செய்கிறது. என் பலி ஆட்டுக் கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். முரளி சாவது தியாகத்துக்காக மட்டும் இல்லை. அவர் உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்த ‘ஒருமுறைதான்’ பொய்யாக நின்றுகொண்டே இருக்கும். அவரை அனுப்பினால்தான் அந்த வீட்டில் அந்தப் பாட்டை மறுபடி பாட முடியும்.


வடபழனி பழசு

அடேயப்பா. அறுபது வருஷமாகக் கேட்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. ஆனால் முத்துராமனைப் பாருங்கள், அந்தப் பாட்டு முழுக்க அவர் முகத்தில் பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார். வேறு நடிகராக இருந்தால் இருமித் தள்ளியிருப்பார். இவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையில் இருக்கிறது.

அடுத்த வருஷமே ஸ்ரீதர் இதை இந்தியில் ‘தில் ஏக் மந்திர்’ என்று எடுத்தார். டாக்டர் ராஜேந்திர குமார், மனைவி மீனா குமாரி, கணவர் ராஜ் குமார். பிலிம்பேர் பரிசு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? சிறந்த துணை நடிகராக ராஜ் குமாருக்கு. வேலு பாத்திரம்தான் படத்தின் முதுகெலும்பு என்று அந்த ஊர்க்காரர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். தெலுங்கிலும் ஸ்ரீதரே எடுத்தார், ‘மனசே மந்திரம்’.


பாட்டுப் பைத்தியம்

நாகேஷை விட்டுவிட்டீர்களே! அந்த வார்டுபாய் இல்லாவிட்டால் இரண்டாம் பாதியில் ஜனங்கள் மூச்சு முட்டியே செத்திருப்பார்கள். இதற்கப்புறம் இரண்டே வருஷத்தில் ‘காதலிக்க நேரமில்லை’. ஸ்ரீதருக்கு நாகேஷ் கையில் சிக்கிய படம் என்ற வகையில் இதற்கே தனி இழை போடலாம்.


வார்டு நெம்பர் 7

போடுங்கள், வருகிறேன். எங்கள் வார்டுபாய் ஒருவர் நடையே நாகேஷ் மாதிரித்தான் இருக்கும். சிரிப்புதான் வராது, கையில் எப்போதும் பினாயில் வாளி.

கேமரா சார்களிடம் கடைசியாக ஒரு சந்தேகம். கட்டிலுக்கு அடியில் கேமரா போனது போனது என்று கொண்டாடுகிறீர்கள். எங்கள் வார்டில் வந்து போகச் சொல்லுங்கள் பார்ப்போம். கட்டிலுக்கு அடியில் சுருட்டிய பாய், அதற்குப் பக்கத்தில் பிளாஸ்க், தூக்குவாளி, ஆரஞ்சு வைத்த பை, மாத்திரை அட்டை, கூடப் படுக்க வந்த மாமியாரின் செருப்பு, பெட்பேன். ஆபரேஷன் முடிந்து ஏழாம் நாள் என்றால் ஒரு இட்லிப் பொட்டலமும் இருக்கும். அந்தச் சீதா எங்கே படுத்தாள், எதில் சாப்பிட்டாள்? அடியில் ஒரு சொம்புகூட இல்லையே!


கடைசி பெஞ்ச்

அக்கா, இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனபோது பதினோரு நாள் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தவர் அவர். கொஞ்ச நேரம் சிரித்தார். அப்புறம், “பாட்டு வருகிற இடம் வரைக்கும் ஓட்டு, அந்த அடிப்பக்கத்தை நானும் பார்க்கிறேன்” என்றார்.

ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.